அரசுப் பள்ளி அறிவியலுக்குக் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் என்ன செய்யலாம்? (மதுரை மாவட்டம்)

உசிலை அறிவியல்

வணக்கம். உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். கல்லூரியில் இருப்பவர்களும் பள்ளியில் இருப்பவர்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

மதுரையில் உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கியது, மதுரைக் கல்லூரி 1889-இல். தியாகராசர், லேடி டோக், பாத்திமா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒத்தக்கடைப் பக்கம் வேளாண் கல்லூரி 1965 முதல் இருக்கிறது, தேனி சாலையில் காமராசர் பல்கலைக்கழகம் 1966 முதல் இருக்கிறது. இத்தனை துறைகள், இத்தனை ஆய்வகங்கள், இத்தனை ஆராய்ச்சி மாணவர்கள். இவற்றிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து சேர்வது பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டி ஒரு வேன்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியிலிருந்து வந்தார்கள். பெயர் வேண்டாம். அந்த மாணவிகள் அன்பாகப் பேசினார்கள், நன்றாகச் செய்து காட்டினார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் பொட்டாசியம் அயோடைடைப் போட்டதும் நுரை குபுகுபுவென்று பொங்கி வழிந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அக்கா, அதற்குப் பதிலாகச் சோற்று உப்பைப் போட்டால் பொங்குமா?" என்று கேட்டான். தான் செலவாகாமலே வினையை வேகப்படுத்தும் வினையூக்கியைப் பற்றிய பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் வகுப்பில் அதைச் செய்து பார்க்க என் கையில் அந்தப் பொருள் இல்லை.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் வானவில் மன்றம் இருக்கிறது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய திட்டம். கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் சோதனைப் பொருள்களோடு பள்ளிக்கு வருகிறார்கள். அது நல்ல வேலை என்பதை நேரில் பார்த்துச் சொல்கிறேன். ஒன்பது, பத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. செய்முறைத் தேர்வுக்கு 25 மதிப்பெண் இருப்பது அங்கேதான்.

கல்லூரி பத்துப் பள்ளிக்கு ஒரு நாள் போவதைக் காட்டிலும், ஒரே பள்ளிக்கு ஆண்டு முழுவதும் வரட்டும் என்பது என் கருத்து. பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவதைக் காட்டிலும் ஆசிரியருக்குத் தோள் கொடுக்கட்டும். இது நடக்கக்கூடியதா?

வேதியியல் துறை

அம்மா, நான் நகரத்தில் ஓர் உதவி பெறும் கல்லூரியில் இணைப் பேராசிரியர். தாங்கள் சொன்ன வேனில் நானும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன், எங்கள் பக்கத்து நிலையைச் சொல்கிறேன்.

தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு கல்லூரிகளை மதிப்பிடும்போது சமூக விரிவாக்கப் பணி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மாணவர் பங்கேற்பு என்று எண்ணிக்கை கேட்கப்படுகிறது. ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் படமும் அறிக்கையும் கிடைக்கும். ஒரு பேராசிரியர் புதன்கிழமைதோறும் பிற்பகலில் ஒரே பள்ளிக்குப் போய் ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம் திட்டமிட்டால் அது ஆண்டு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், எங்களுக்கு 14 மணி நேரம் வகுப்பு. பள்ளியில் செலவிடும் நேரம் அந்தக் கணக்கில் ஏறாது. மனம் இருப்பவர்கள் சொந்த நேரத்தில் போகிறார்கள், சில ஆண்டுகளில் ஓய்ந்துபோகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிற இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் தன் ஊரான நியூ ஹேவனின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று 1978 முதல் ஒரு நிறுவனம் நடத்துகிறது. பேராசிரியர் நடத்தும் கருத்தரங்கில் பள்ளி ஆசிரியர்கள் பல மாதங்கள் உட்காருகிறார்கள், முடிவில் தங்கள் வகுப்புக்கான பாட அலகைத் தாங்களே எழுதுகிறார்கள். பேராசிரியர் எழுதிக்கொடுத்து ஆசிரியர் ஒப்பிக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. எந்த வகுப்பில் எது எடுபடும் என்று ஆசிரியருக்குத் தெரியும். அதை மதிக்கும் ஏற்பாடு அது.

ஓய்வு பெற்ற த.ஆ., பேரையூர் வட்டம்

இருவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் பீரோவைப் பற்றிப் பேசவில்லை.

பல பள்ளிகளில் பொருள்கள் இல்லாமல் இல்லை. பியூரெட், பிப்பெட், நுண்ணோக்கி, லென்சு எல்லாம் வாங்கி வைத்திருப்பார்கள். அவை பீரோவில் பூட்டிக் கிடக்கும். காரணம் சோம்பல் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு கண்ணாடிப் பொருளும் ஏறியிருக்கும். உடைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். உடைந்ததைக் கழித்து எழுதுவதற்கு ஒரு நடைமுறை உண்டு, அதற்குக் கடிதம், ஒப்புதல், கையொப்பம் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். தணிக்கையில் கேட்பார்கள். ஓய்வு பெறும் நேரத்தில் தடையில்லாச் சான்று வாங்கும்போதும் கேட்பார்கள். ஐம்பது பிள்ளைகள் கையில் பிப்பெட்டைக் கொடுத்துவிட்டு எந்த ஆசிரியர் நிம்மதியாக நிற்பார்? எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும் வாரத்தில் தன் சொந்தப் பணத்தில் கண்ணாடிக் குழாய்கள் வாங்கி அடுக்கி வைத்துவிட்டுப் போனார். நல்ல ஆசிரியர். பிள்ளைகளைச் செய்யவிட்டவர், அதனால்தான் உடைந்தது.

இரண்டாவது, ஆய்வக உதவியாளர். அந்த இடம் நிரப்பப்படாத பள்ளியில் ஆசிரியரே கரைசல் தயாரித்து, அவரே கழுவி, அவரே அடுக்கி, அடுத்த மணிக்கு வகுப்புக்கும் போக வேண்டும். இதை நிரப்ப வேண்டியது அரசு. கல்லூரி மாணவர்களை அனுப்பி ஈடுகட்டத் தொடங்கினால், "அங்கேதான் கல்லூரிக்காரர்கள் வருகிறார்களே" என்று பணியிடம் காலியாகவே கிடக்கும். அந்த அச்சம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

நாகமலை ஆய்வாளர்

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பீரோவைப் பற்றி இதுவரை எங்கள் பக்கத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. நான் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். அரசுப் பள்ளியில் படித்து வந்தவன்.

முதலில் உசிலை அம்மாவுக்கு. கல்லூரிகளில் அந்த நுரைக் காட்சிக்குப் பெரும்பாலும் 30 சதவீத பெராக்சைடு பயன்படுத்துவார்கள். அது தோலைச் சுட்டுவிடும், பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீதக் கரைசல் போதும், அதையும் பாதிக்குப் பாதி நீர் கலந்து கொடுங்கள்; கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சோதனைக் குழாயில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு, இன்னொன்றில் வேகவைத்த துண்டு, மூன்றாவதில் சோற்று உப்பு. உருளைக்கிழங்கில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது, அது பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். வேகவைத்தால் நொதி கெட்டுவிடும். உப்புக் குழாயில் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பையனே பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்து, சான் பிரான்சிஸ்கோவில் நடப்பதைச் சொல்கிறேன். அங்கே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் வளாகம் இருக்கிறது. அதில் இளநிலை மாணவர்களே கிடையாது, எல்லாம் ஆராய்ச்சியும் மருத்துவமும்தான். உயிர்வேதியியலாளர் புரூஸ் ஆல்பர்ட்ஸ் 1987-இல் அந்த நகரத்து அரசுப் பள்ளிகளோடு ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னாளில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்கே தலைவரானவர் அவர். ஆராய்ச்சி மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் இணைந்து பாடத்தைத் திட்டமிட்டு ஒன்றாகவே வகுப்பில் நிற்பார்கள். கோடையில் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆய்வகத்துக்கு வந்து உண்மையான ஆய்வில் வேலை செய்வார்கள். ஐயா சொன்னதற்குத் தொடர்பான ஒன்றும் உண்டு. பாடத்துக்கு வேண்டிய மாதிரிகளையும் கருவிகளையும் ஆசிரியர்கள் இரவல் வாங்கிக்கொண்டு போகும் ஒரு மையத்தை அவர்கள் வைத்திருக்கிறார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பதைப் போல எடுத்து, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம்.

ஓய்வு பெற்ற த.ஆ., பேரையூர் வட்டம்

தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் அமெரிக்காவில் பணம் இருக்கிறது. நம் ஊரில் நடந்ததாக ஒன்று சொல்லுங்கள்.

நாகமலை ஆய்வாளர்

சொல்கிறேன் ஐயா. மத்தியப் பிரதேசத்தில் ஹோசங்காபாத் மாவட்டம், இப்போது நர்மதாபுரம் என்று பெயர். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராமிய மையம் என்ற இரண்டு அமைப்புகள் முன்னின்றன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும், அடுத்துத் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து சோதனை செய்வார்கள். செய்து பார்த்துத்தான் முடிவை எழுத வேண்டும், விடை புத்தகத்தில் இருக்காது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை கூடி எது நடந்தது, எது சிக்கியது என்று பேசுவார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் பயிற்சி கொடுத்துவிட்டு ஓடிவிடாமல் பள்ளிக்கே போய் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள். தில்லிப் பேராசிரியர்கள் ஹோசங்காபாத்துக்கு ரயிலேறிப் போனார்கள். நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினால் போதும்.

ஓய்வு பெற்ற த.ஆ., பேரையூர் வட்டம்

அந்தத் திட்டத்தைப் பற்றி நானும் அறிவியல் இயக்க நண்பர்கள் மூலம் கேட்டிருக்கிறேன். அதன் முடிவையும் சொல்ல வேண்டும். சுமார் ஆயிரம் பள்ளிகள் வரை வளர்ந்த பிறகு 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பு ஓர் உத்தரவில் நின்றது. ஆகவே எந்தப் பல்கலைக்கழகம் வந்தாலும், ஆசிரியர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே என் கேள்வி. திட்டம் நின்றாலும் அந்த ஆசிரியர் தானாகச் செய்ய முடிய வேண்டும்.

கோட்டாம்பட்டி பெற்றோர்

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். மல்லிகைத் தோட்டமும் கொஞ்சம் நெல்லும் எங்கள் பிழைப்பு. பெரியவர்கள் பேசுவதைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

கல்லூரிகள் தத்தெடுக்கும் பள்ளிகளைப் பாருங்கள். திருநகர், பசுமலை, ஒத்தக்கடை என்று டவுன் பஸ் போகும் ஊர்களாகவே இருக்கும். ஒரே பள்ளிக்கு இரண்டு கல்லூரிகள் வருவதும் உண்டு. எங்கள் பக்கத்துக்கோ, எழுமலை, சேடபட்டிப் பக்கத்துக்கோ வருகிறவர்கள் குறைவு. காலையில் கல்லூரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டுத்தாவணி வந்து, இங்கே வந்து சேர்ந்து, மாலைக்குள் திரும்ப வேண்டும் என்றால் யாருக்கும் கடினம்தான். அதற்கு ஒரு வழி சொல்லாமல் திட்டம் போட்டால் அது மறுபடியும் டவுனுக்கே போகும்.

இன்னொன்று. மதிப்பெண் வருமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்பது தப்பில்லை. என் மகளை மேலே படிக்க வைப்பது அந்த மதிப்பெண்தான்.

ஒத்தக்கடை வேளாண்

அண்ணன் சொன்ன தூரப் பிரச்சினைக்கு எங்கள் படிப்பில் ஒரு விடை இருக்கிறது. இளநிலை வேளாண்மை இறுதியாண்டில் கிராமப்புற வேளாண் பணி அனுபவம் என்று உண்டு. மாணவர்கள் குழுவாகக் கிராமப்புறத்திலேயே வாரக்கணக்கில் தங்கி உழவர்களோடு வேலை செய்ய வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு, அது பாடத்திட்டத்தின் பகுதி. ஆகவே "நேரமில்லை" என்ற பேச்சே எழாது.

நான் அப்படித் தங்கியிருந்தபோது ஊர்ப் பள்ளியில் உப்புக் கரைசலில் விதை தேர்வு செய்வதைச் செய்து காட்டினோம். ஒரு வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டால் அடியில் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் முட்டை மெல்ல மேலே வந்து, நாணயம் அளவுக்கு ஓடு வெளியே தெரியும். அந்தப் பதத்தில் நெல் விதையைக் கொட்டினால் பதரும் அரைகுறை விதையும் மிதக்கும், திரண்ட விதை அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, நல்ல விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இல்லையென்றால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் அங்கேயே கரும்பலகையில் அடர்த்தியையும் மிதப்பு விதியையும் எழுதினார். அன்று மாலை இரண்டு வீடுகளில் பிள்ளைகள் அப்பாவோடு சேர்ந்து அதைச் செய்தார்கள். பாடம் வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன்.

இயற்பியல், வேதியியல், விலங்கியல் படிக்கிறவர்களுக்கும் இப்படி ஒரு பருவத்தில் பள்ளிப் பணி என்று பாடத்திட்டத்திலேயே வைக்கலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழுவில் இதை முடிவு செய்துகொள்ளலாமே?

வேதியியல் துறை

முடியும் தம்பி. மதுரையில் தன்னாட்சிக் கல்லூரிகள் பல இருக்கின்றன. பாடத்திட்டத்தில் ஒரு தாளாக வைத்துவிட்டால் மாணவருக்கு மதிப்பெண், ஆசிரியருக்கு வேலைநேரக் கணக்கு, இரண்டும் தீர்ந்துவிடும். அது வரும்வரை நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்த முகாமைச் சேடபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் வைத்து, ஏழு நாளும் அங்குள்ள ஆசிரியரோடு ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தினால் என்ன? புட்டிகளுக்குப் பெயர் ஒட்டலாம், காலாவதியான வேதிப்பொருள்களைப் பிரித்து வைக்கலாம், பழுதான நுண்ணோக்கிகளைச் சரிசெய்யலாம்.

இனி, ஐயா சொன்ன பீரோ. இரவல் மையம் என்று ஆய்வு மாணவர் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இது. பொருள் எங்கள் கல்லூரிப் பதிவேட்டிலேயே இருக்கட்டும். பள்ளிக்கு இரவலாக மட்டும் வரட்டும். எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிப் பொருள் உடையும் என்று தெரிந்தே ஆண்டுதோறும் அதற்கு ஒதுக்கி வைக்கிறோம். பள்ளியில் உடைந்தாலும் அந்தக் கணக்கில் போகட்டும். ஆசிரியரின் பெயரில் ஒரு சோதனைக் குழாய்கூட ஏறாது.

ஓய்வு பெற்ற த.ஆ., பேரையூர் வட்டம்

இது சரியான வழி. இதை எழுத்தில் வையுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும்போது இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: உடைவுக்குப் பள்ளியோ ஆசிரியரோ பொறுப்பில்லை, இந்த ஏற்பாடு ஆய்வக உதவியாளர் பணியிடத்துக்கு மாற்றாகக் கருதப்படாது. இரண்டாவது வரியை யாரும் எடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய மாணவி

நான் மேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்து, இப்போது முதுநிலை இயற்பியல் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்ததில்லை. கல்லூரிக்கு வந்த முதல் வாரத்தில் கருவிகளைத் தொடவே கை கூசியது. மற்றவர்கள் அனாயாசமாகத் திருகினார்கள். பள்ளிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து பிள்ளைகளைத் தொட விடுங்கள். காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். புதன்கிழமை பிற்பகல் எந்தப் பள்ளி என்றாலும் நான் வருகிறேன்.

நாகமலை ஆய்வாளர்

நுண்ணோக்கியைப் பொறுத்தவரை ஒன்று சேர்க்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவர் மாணவரும் 2014-இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப், தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. கீழே விழுந்தாலும் உடையாது, சட்டைப் பையில் வைக்கலாம். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை இதைப் பள்ளி கல்லூரிகளுக்குப் பரப்பியது. இரவல் பெட்டியில் இதைப் பிள்ளைக்கு ஒன்றாக வைக்கலாம். கூட்டு நுண்ணோக்கி இரண்டு போதும்.

உசிலை அறிவியல்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்புச் செய்முறைக்கு எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். குவிலென்சு, தாங்கி, திரை. தன்மின்தடை எண் காண்பதற்கு அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும், குழுவுக்கு ஒன்றாக. முகவை, புனல், சோதனைக் குழாய். ஒளிச்சேர்க்கை ஆய்வுக்கு ஹைட்ரில்லாச் செடி எங்கள் கண்மாயிலேயே கிடைக்கும், புனலைக் கவிழ்த்து வெயிலில் வைத்தால் குமிழி வரும். அதை நிழலில் வைத்தால் என்ன, கொஞ்சம் சமையல் சோடாவைக் கரைத்தால் என்ன என்று பிள்ளைகளே மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளிக்கு ஒரு புனல் என்றால் அது நடக்காது, பத்து வேண்டும். கோட்டாம்பட்டி அண்ணன் கேட்ட மதிப்பெண்ணும் இதில்தான் இருக்கிறது. செய்து பார்த்த பிள்ளை செய்முறைத் தேர்வில் கை நடுங்காமல் நிற்கும், கருத்தியல் தாளிலும் காரணம் எழுதும்.

ஆனால் பேராசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டி பிப்ரவரியில் வந்தால் பயனில்லை. அப்போது திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும் வந்துவிடும். ஐப்பசி மழை பெய்து கண்மாயில் தண்ணீர் நிற்கும் நாளில் வர வேண்டும். கண்மாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்பைரோகைரா என்ற பாசியும் பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரியும் கிடைக்கும் காலமும் அதுதான்.

வேதியியல் துறை

நவம்பர் முதல் வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டிக்கான பொருள்களை எங்கள் துறையிலிருந்தே எடுக்கத் துறைத் தலைவரிடம் இந்த வாரம் பேசுகிறேன். பெட்டியோடு இரண்டு மாணவர்கள் வருவார்கள். பெட்டி உங்களிடம் மூன்று வாரம் இருக்கும், பிறகு எழுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போகும். முன்கூட்டியே ஒரு சனிக்கிழமை தாங்களும் அந்தப் பள்ளி ஆசிரியரும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து எல்லாச் சோதனையையும் ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். எது வகுப்பில் எடுபடாது என்று தாங்கள் சொன்னால் அதை மாற்றிவிடுவோம்.

கோட்டாம்பட்டி பெற்றோர்

உசிலம்பட்டியிலிருந்து எழுமலைக்குப் பெட்டியைக் கொண்டுபோக வண்டி வேண்டுமே? எங்கள் ஊரிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிச் சந்தை வரை போகும் வண்டிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் மகனும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான். திரும்பும்போது வண்டி காலியாகத்தான் வரும். எழுமலைக்குப் போய்விட்டு வரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன்.

உசிலை அறிவியல்

கேளுங்கள் அண்ணா. வாடகையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து நான் பேசிக்கொள்கிறேன். தலைமையாசிரியர் ஐயா, அந்த இரண்டு வரிகளையும் முறையான வாசகமாக எழுதித் தர முடியுமா? திங்கட்கிழமை எங்கள் தலைமையாசிரியரிடம் விண்ணப்பத்தோடு கொடுத்துவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற த.ஆ., பேரையூர் வட்டம்

இன்று இரவே எழுதி அனுப்புகிறேன் அம்மா. பெறுநர் முகவரியில் முதன்மைக் கல்வி அலுவலர், வழி: தலைமையாசிரியர் என்று போடுங்கள். நகல் ஒன்றைக் கல்லூரி முதல்வருக்கும் அனுப்புங்கள்.